வகுப்பா, கூடுகையா? ஓய்வுக்குப் பிறகு எதில் சேருவது

பணி ஓய்வு பெற்றவரிடம் எல்லோரும் சொல்லும் யோசனை ஒன்றுதான்: "வீட்டிலேயே முடங்கிடாதீங்க, எதிலாவது போய்ச் சேருங்க." எதில் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. தேட ஆரம்பித்தால் இரண்டு வகை அறிவிப்புகள் கண்ணில் படும். ஒரு பக்கம் வகுப்புகள்: புதிய மொழி, வரலாறு, ஓவியம், ஸ்மார்ட்போன், தத்துவம். இன்னொரு பக்கம் கூடுகைகள்: மதிய விருந்துடன் சந்திப்பு, நடைக்குழு, சேர்ந்து பாடும் குழு, ஒருநாள் சுற்றுலா, ஆண்டு விழா. பல அமைப்புகள் இரண்டையும் ஒரே துண்டுப் பிரசுரத்தில் போட்டு, அறிவும் வளரும் நட்பும் வளரும் என்று எழுதிவிடுகின்றன.

நடைமுறையில் ஒன்றில் சேர்ந்தால் மற்றது தானாக வந்துவிடுவதில்லை. வகுப்பு முடிந்து சான்றிதழும் வாங்கிய பிறகு, பக்கத்து நாற்காலிக்காரரின் பெயர்கூடத் தெரியாமல் வீடு திரும்புகிறவர்கள் உண்டு. ஒரு கூடுகை விடாமல் போய் வந்தும், இந்த வருடம் புதிதாக என்ன தெரிந்துகொண்டோம் என்று யோசித்தால் ஒன்றும் தோன்றாதவர்களும் உண்டு. அதனால் என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் வாரத்தில் எது இல்லை என்று முதலில் பாருங்கள். எது பிடிக்கும் என்பது அதற்கு அடுத்த கேள்வி. எதைத் தேர்ந்தெடுத்தாலும், வாராவாரம் அதே முகங்களைப் பார்க்கிற மாதிரி அமைந்ததைத் தேர்ந்தெடுங்கள். இந்த இரண்டாவது விஷயத்தை அறிவிப்புத் தாளில் போடமாட்டார்கள். கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆய்வுகள் எந்தப் பக்கம்?

டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் டல்லஸ் வளாகத்தில் டெனிஸ் பார்க் என்ற உளவியலாளரின் குழு நடத்திய ஆய்வு 2014இல் வெளிவந்தது. நம் கேள்விக்கென்றே வடிவமைத்தது போல இருக்கும். 60 முதல் 90 வயது வரையிலான இருநூறுக்கும் மேற்பட்டவர்களைக் குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழு டிஜிட்டல் புகைப்படம் எடுக்கவும் கணினியில் அதைத் திருத்தவும் கற்றது. இன்னொரு குழு துணித்துண்டுகளை இணைத்துப் போர்வை தைக்கக் கற்றது. மூன்றாவது குழுவுக்கு இரண்டும். இன்னொரு குழுவுக்குப் பாடமே கிடையாது; சேர்ந்து உட்கார்ந்து பேசுவது, வெளியே போய் வருவது, பொழுதுபோக்குவது, அவ்வளவுதான். வீட்டிலிருந்தபடி இசை கேட்பது, சொற்புதிர் போடுவது போன்ற லேசான வேலைகளைச் செய்த குழுவும் இருந்தது. வாரத்துக்குச் சுமார் 15 மணி நேரம், மூன்று மாதம். முடிவில் நினைவாற்றல் கூடியது புதிதாக ஒன்றைக் கற்றவர்களுக்கு, அதிலும் முக்கியமாகப் புகைப்படம் கற்றவர்களுக்கு. கூடிப் பேசிக் களித்தவர்களிடம் அந்த முன்னேற்றம் தெரியவில்லை.

வகுப்பு நடத்துகிற அமைப்புகளுக்கு இந்த ஆய்வு ரொம்பப் பிடிக்கும். ஆனால் வாரத்துக்கு 15 மணி நேரம் என்பதைக் கவனியுங்கள். நாம் சேரப் போகிற வகுப்பு வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம். வகுப்பில் உட்கார்ந்து கேட்பது மட்டும் போதாது, வீட்டிலும் அதைக் கையில் எடுத்துச் செய்ய வேண்டும் என்பதே இதிலிருந்து கிடைக்கும் நடைமுறைப் பாடம். அப்புறம், புகைப்படக் குழு ஏன் முன்னால் நின்றது என்பதும் யோசிக்க வேண்டியது. கேமரா, மென்பொருள் இரண்டும் அவர்களில் பலருக்குப் பழக்கமில்லாதவை; ஒவ்வொரு நாளும் தலையைச் சொறிய வேண்டியிருந்திருக்கும். ஏற்கெனவே நன்றாகத் தெரிந்ததை இன்னொரு முறை கேட்கப் போவது சுகமாக இருக்கும். அதில் தப்பில்லை, ஆனால் இந்தக் கணக்கில் அது சேராது.

மறுபக்கம் பாருங்கள். ஜூலியான் ஹோல்ட்-லன்ஸ்டாட் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் 148 ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டி 2010இல் வெளியிட்டார்கள். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவு அதில் இருந்தது. உறவும் நட்பும் வலுவாக இருந்தவர்கள், ஆய்வுக் காலத்தில் உயிரோடு இருப்பதற்கான வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் 50 சதவீதம் அதிகம் என்று கண்டார்கள். இது பரிசோதனை அல்ல, திரட்டிய கணக்கு. உடம்பு நன்றாக இருப்பவர்களுக்கு நட்பு வைத்துக்கொள்வதும் சுலபம் என்ற மறுப்பு இருக்கத்தான் செய்யும். இருந்தாலும் ஒதுக்கித் தள்ளக்கூடிய எண் இல்லை.

ஆக, நினைவாற்றலுக்குக் கடினமான கற்றல், ஆயுளுக்கு மனிதர்கள் என்று வைத்துக்கொள்ளலாமா? கிட்டத்தட்ட. ஒரு திருத்தம்: ஆய்வு பேசுவது உறவைப் பற்றி, நிகழ்ச்சியைப் பற்றி அல்ல. ஒரு விழாவுக்குப் போய் நாலு பேரிடம் சிரித்துவிட்டு வருவது உறவாகிவிடாது.

எத்தனை மணி நேரம் சேர்ந்து இருந்தால் நட்பாகும்? கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018இல் இதற்கு ஒரு தோராயக் கணக்கு சொன்னார். தெரிந்தவர் என்ற நிலையிலிருந்து லேசான நட்புக்குச் சுமார் 50 மணி நேரம், நண்பர் என்று சொல்லச் சுமார் 90 மணி நேரம், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேல். அவர் ஆராய்ந்தது புது ஊருக்குக் குடிபெயர்ந்தவர்களையும் கல்லூரி முதலாண்டு மாணவர்களையும், முதியவர்களை அல்ல. எண்ணை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டாம், அளவு தெரிந்தால் போதும்.

இப்போது அறிவிப்புத் தாளை எடுத்து வைத்துப் பெருக்கிப் பாருங்கள். ஆறு வாரம், வாரத்துக்கு இரண்டு மணி நேர ஓவிய வகுப்பு: மொத்தம் 12 மணி நேரம், அதிலும் பாதி நேரம் எல்லோரும் தாளைப் பார்த்துக் குனிந்திருப்பார்கள். மாதம் ஒருமுறை மூன்று மணி நேரச் சந்திப்பு: வருடத்துக்கு 36 மணி நேரம், அதுவும் ஒவ்வொரு மாதமும் வேறு ஆட்கள் பக்கத்தில். வாராவாரம் இரண்டு மணி நேரம் வருடம் முழுக்கக் கூடும் சிறு குழு: சுமார் 100 மணி நேரம், அதே பத்துப் பேர். நட்பு வேண்டும் என்று தேடுகிறவர் விழாவுக்குப் போவதைவிட, வருடம் முழுக்க நடக்கும் ஏதோ ஒரு குழுவில் சேர்வதுதான் கணக்குப்படி சரி. அது படிக்கும் குழுவாக இருந்தாலும் பரவாயில்லை, பாடும் குழுவாக இருந்தாலும் பரவாயில்லை.

தாங்களே நடத்திக்கொள்ளும் குழுக்கள்

அதனால்தான் எனக்கு இந்த வகைமேல் பட்சம் அதிகம். இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1973இல் பிரான்சின் துலூஸ் நகரில், பியேர் வெல்லா என்ற சட்டப் பேராசிரியரின் முயற்சியில், மூன்றாம் பருவத்தினருக்கான, அதாவது பணி ஓய்வுக்குப் பிந்தைய வயதினருக்கான, முதல் பல்கலைக்கழகம் தொடங்கியது. அங்கே பல்கலைக்கழகம் கற்பித்தது, முதியவர்கள் கற்றார்கள். அந்த யோசனை 1980களின் தொடக்கத்தில் பிரிட்டனுக்குப் போனபோது வரலாற்றாசிரியர் பீட்டர் லாஸ்லெட், சமூகவியலாளர் மைக்கேல் யங், கல்வியாளர் எரிக் மிட்வின்டர் மூவரும் அதைத் தலைகீழாக்கினார்கள். பேராசிரியர்கள் எதற்கு? வாழ்நாள் முழுக்க வேலை பார்த்தவர்கள் ஆயிரம் பேர் இருக்கும்போது, ஆளுக்கொரு விஷயம் தெரிந்திருக்குமே. பொறியாளர் பாலங்களைப் பற்றிச் சொல்லட்டும், செவிலியர் உடலைப் பற்றிச் சொல்லட்டும். அடுத்த வாரம் இடம் மாறி உட்காரட்டும். தேர்வு கிடையாது, பட்டம் கிடையாது, சேருவதற்குத் தகுதியும் கேட்கக் கூடாது. இன்று பிரிட்டனில் மட்டும் இப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட உள்ளூர்க் குழுக்கள் இயங்குகின்றன. பெயரில் பல்கலைக்கழகம் இருந்தாலும் பல குழுக்கள் கூடுவது உறுப்பினர்களின் வீட்டு முன்னறையில்தான்.

இரண்டு மாதிரிகளுக்கும் உள்ள வித்தியாசம் சேருகிறவருக்கு நேரடியாகத் தெரியும். துலூஸ் மாதிரியில் பாடத்தின் தரம் உறுதி; நல்ல நூலகம் கிடைக்கும்; சொல்கிறவருக்கு விஷயம் தெரியும். ஆனால் நூறு பேர் அரங்கில் நீங்கள் ஒரு தலை. இரண்டு வாரம் வராவிட்டால் யாருக்கும் தெரியாது. பிரிட்டன் மாதிரியில் தரம் ஏறி இறங்கும். வரலாறு சொல்கிறவர் தனக்குப் பிடித்த ஒரே மன்னரை விட்டு நகரமாட்டார். ஆனால் நீங்கள் வராவிட்டால் அன்று மாலையே போன் வரும், ஏனென்றால் அடுத்த வாரம் பேச வேண்டியவர் நீங்கள்.

அந்தப் பொறுப்புதான் இந்த வகையின் உயிர்நாடி. மாணவராக மட்டும் இருப்பவருக்கு வகுப்பு ஒரு சேவை; அடுத்த வாரம் அரை மணி நேரம் பேச வேண்டியவருக்கு அது வேலை. தயார் செய்ய வேண்டும், புத்தகம் தேட வேண்டும், யாராவது குறுக்கே கேள்வி கேட்பார்களே என்று பயப்பட வேண்டும். பார்க் குழுவின் ஆய்வு சொன்ன கடினமும் ஹால் சொன்ன மணிக்கணக்கும் ஒரே இடத்தில் கிடைப்பது இங்கேதான்.

குறை இல்லாமல் இல்லை. இத்தகைய குழுக்களில் நாலைந்து பேர்தான் எல்லா வேலையும் செய்வார்கள்; பத்து வருடமாக அவர்களேதான் பொறுப்பில் இருப்பார்கள். புதிதாக வருகிறவர் உட்காரப் போகிற நாற்காலி யாரோ ஒருவருடையது என்று சொல்லப்படும். முதல் மூன்று வாரம் யாரும் பேச்சுக் கொடுக்காமல் இருந்தால் அதை உங்கள் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நாற்காலிகளை அடுக்கும் வேலைக்குக் கை கொடுங்கள். பேச்சு அங்கே தொடங்கும்.

முறையான பாடநெறி

பட்டமோ சான்றிதழோ தரும் பல்கலைக்கழகப் படிப்பு சிலருக்கு மட்டுமே பொருந்தும், ஆனால் பொருந்தியவர்களுக்கு வேறெதுவும் ஈடாகாது. இருபது வயதில் குடும்பச் சூழலால் படிப்பை விட்டவர், ஒரு துறையில் நாற்பது வருடம் இருந்துவிட்டு வேறொன்றைத் தொட ஆசைப்படுகிறவர், இவர்களுக்கு அது முடிக்காமல் கிடக்கும் கணக்கு. பல பல்கலைக்கழகங்களில் தேர்வு எழுதாமல் வகுப்பில் மட்டும் உட்கார அனுமதி கேட்கலாம். முதலில் அப்படி ஒரு பருவம் உட்கார்ந்து பார்த்துவிட்டு, அப்புறம் முழுதாகப் பதிவு செய்வது நல்லது.

தேர்வைப் பற்றி ஒரு வார்த்தை. முதியோர் வகுப்புகள் பலவும் தேர்வு இல்லை என்பதைப் பெரிய சலுகையாக விளம்பரம் செய்கின்றன. மதிப்பெண் பயம் இல்லாதது நல்லதுதான். ஆனால் படித்ததைப் புத்தகத்தை மூடிவிட்டு நினைவுக்குக் கொண்டுவர முயல்வது, அதையே திரும்பத் திரும்பப் படிப்பதைவிட நீண்ட நாள் மனத்தில் நிற்கச் செய்கிறது. நினைவாற்றல் ஆய்வில் பலமுறை உறுதியான விஷயம் இது. மதிப்பெண் போடாத சின்னச் சின்னக் கேள்விகளோடு தொடங்கும் ஆசிரியர் கிடைத்தால் விடாதீர்கள்.

வயதானால் கற்கவே முடியாது என்று யாராவது சொன்னால், அது பாதிகூட உண்மை இல்லை. மூளை செயல்படும் வேகம் குறைகிறது. ஒரே நேரத்தில் இரண்டு விஷயங்களைக் கவனிப்பது கடினமாகிறது. சொல்வளமும் உலக அறிவும் பெரும்பாலும் அப்படியே நிற்கின்றன, பலருக்கு அறுபதுகள் வரை கூடவும் செய்கின்றன. அதனால் பாடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது இதைக் கணக்கில் கொள்ளலாம். வரலாறு, இலக்கியம், சமூகம் பற்றிய விவாத வகுப்பில் உங்கள் அனுபவம் முதலீடு. முதல் நாளிலேயே பலன் தெரியும். புதிய மொழியோ வாத்தியமோ என்றால் முதல் ஆறு மாதம் சலிப்பாகவே இருக்கும், திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். பலனை உடனே பார்க்க வேண்டிய மனநிலையில் இருக்கிறவர் முதலாவதில் தொடங்கட்டும். வாரத்தில் ஒருநாள் மூன்று மணி நேரம், வாரத்தில் இரண்டு நாள் ஒன்றரை மணி நேரம் என்று இரண்டு நேர அட்டவணை இருந்தால் யோசிக்காமல் இரண்டாவதை எடுங்கள். பிரித்துப் படிப்பது நினைவில் நிற்கும் என்று ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹவுஸ் 1885இலேயே காட்டிவிட்டார்.

குறுகிய காலப் பயிற்சி வகுப்புகள்

சமையல், தோட்டம், ஓவியம், கைபேசி என்று ஆறு முதல் பத்து வாரம் நடப்பவை இவை. ருசி பார்க்க நல்லவை. நட்புக்கான மணிக்கணக்கு இவற்றில் கிடைக்காது என்று மேலேயே பார்த்தோம்; அதே ஆட்கள் அடுத்த கட்ட வகுப்புக்கும் வருவார்கள் என்றால் கதை வேறு.

கைபேசி வகுப்பைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் பேர் சேருவதும் அதிகம் ஏமாறுவதும் இதில்தான். நல்ல வகுப்பா என்று ஐந்து நிமிடத்தில் கண்டுபிடிக்கலாம். யாருக்காவது சந்தேகம் வரும்போது கைபேசி யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். "குடுங்க, நான் பண்ணித் தர்றேன்" என்று ஆசிரியர் வாங்கி, நாலு முறை விரலைத் தட்டி, "ஆச்சு" என்று திருப்பிக் கொடுத்தால் அங்கே பாடம் நடக்கவில்லை, பழுதுபார்ப்பு நடக்கிறது. நல்ல ஆசிரியர் தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, "மேலே வலது மூலையில மூணு புள்ளி தெரியுதா? அதைத் தொடுங்க" என்பார். அப்புறம் விரல் சற்று அதிக நேரம் பதிந்துவிட்டதால் வேறு ஏதோ திறந்துகொள்ளும். வயதானவர்களின் விரல் நுனி வறண்டிருப்பதால் திரை சில சமயம் தொடுதலை உணராது. இவர் அழுத்திப் பிடிப்பார். கைபேசி அதை நீண்ட அழுத்தமாக எடுத்துக்கொள்ளும். இதைத் தெரிந்துவைத்திருக்கிற ஆசிரியர், முதல் வகுப்பில் எழுத்தைப் பெரிதாக்குவதையும் தட்டுவதற்கும் அழுத்துவதற்கும் உள்ள வித்தியாசத்தையும் மட்டுமே சொல்லித் தருவார். முதல் நாளே பணம் அனுப்பக் கற்றுத் தருகிற இடத்தைக் கொஞ்சம் யோசித்துச் சேருங்கள்.

ஆன்லைன்

இருப்பதிலேயே வாய்ப்புகள் அதிகம் இங்கேதான். நின்றுபோவதும் இங்கேதான் அதிகம். ஹார்வர்டும் எம்ஐடியும் 2012-13இல் நடத்திய முதல் 17 இலவச இணைய வகுப்புகளில் 8.4 லட்சம் பதிவுகள் நடந்தன. சான்றிதழ் பெற்றவை சுமார் 43 ஆயிரம்; இருபதுக்கு ஒன்று. எல்லா வயதினரும் சேர்ந்த கணக்கு இது. சோம்பேறித்தனம் என்று சொல்லிவிட முடியாது. பலர் எட்டிப் பார்க்கவே பதிவு செய்கிறார்கள். ஆனால் உங்களை வாரம் ஒருமுறை வீட்டை விட்டு வெளியே இழுக்க வேண்டும் என்பது நோக்கமானால், வீட்டிலேயே இருக்கச் சொல்லும் வழி எப்படி உதவும்?

மூன்று நிலைமைகளில் ஆன்லைனே முதல் தேர்வு. வெளியே போய் வருவது உடம்புக்கு ஒத்துவராதபோது. வீட்டில் நோயாளித் துணையை விட்டுப் போக முடியாதபோது. உங்கள் ஆர்வம் மிக அரிதான ஒன்றாக இருந்து, பக்கத்தில் அதைப் பேச ஒருவரும் இல்லாதபோது. இந்த மூன்றிலும் பதிவு செய்து வைத்த வீடியோவைவிட, குறித்த நேரத்தில் எல்லோரும் முகம் காட்டிப் பேசும் சிறு வகுப்பைத் தேடுங்கள். வீடியோவை நிறுத்திப் பின்னால் போய்த் திரும்பக் கேட்கலாம் என்பது உண்மையிலேயே பெரிய வசதி. காதும் வேகமும் ஒத்துழைக்காதபோது நேரடி வகுப்பில் அது கிடைக்காது. ஒரு சமரசம்: இரண்டு மூன்று பேர் ஒரு வீட்டில் கூடி ஒரே வீடியோவைப் பார்த்து, நிறுத்தி நிறுத்திச் சண்டை போடலாம்.

கூடுகைகள்: காது கேட்கிறதா?

கூடுகைகளின் நன்மை வெளிப்படை. தயாரிப்பு வேண்டாம், வீட்டுப்பாடம் இல்லை, இன்று போய் நாளை போகாமல் இருக்கலாம். சிரிப்பு இருக்கும், சாப்பாடு இருக்கும். ஆனால் இவை எல்லோருக்கும் சுலபமானவை என்று நினைப்பதுதான் தவறு. கேட்கும் திறன் குறைந்தவருக்கு வகுப்பைவிடக் கூடுகைதான் கஷ்டம்.

எட்டுப் பேர் ஒரு வட்ட மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். தட்டுச் சத்தம், பின்னால் ஒலிபெருக்கியில் பாட்டு, இரண்டு பேச்சு ஒரே நேரத்தில். லேசாகக் காது மந்தமானவர் முதலில் பக்கத்தில் இருப்பவரின் உதட்டைப் பார்க்கிறார். ஒருமுறை "என்ன சொன்னீங்க?" என்று கேட்கிறார், இன்னொரு முறை கேட்கிறார். மூன்றாவது முறை கேட்கக் கூச்சப்பட்டு, எல்லோரும் சிரிக்கும்போது தானும் சிரிக்கிறார். இரண்டு மணி நேரம் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, "எனக்கு அங்கெல்லாம் ஒத்துவரலை" என்கிறார். வீட்டில் இருப்பவர்கள் அவருக்கு மனிதர்களோடு பழகப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். அதே மனிதர், ஒருவர் மட்டும் பேசும் வகுப்பில் முன்வரிசையில் உட்கார்ந்தால் எல்லாமே கேட்கும், கேள்வியும் கேட்பார்.

மறதி நோய்க்கான, மாற்றக்கூடிய 14 காரணிகள் என்று, லான்செட் மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் ஆணையம் 2024இல் தந்த பட்டியலில் கேட்கும் திறன் இழப்பும் இருக்கிறது, சமூகத்திலிருந்து ஒதுங்கியிருப்பதும் இருக்கிறது. ஒன்று மற்றொன்றுக்கு வழிவிடுவதை அந்த மேசையில் கண்ணாலேயே பார்க்கலாம். எனவே கூடுகைக்குப் பணம் கட்டும் முன் காதைப் பரிசோதித்துக்கொள்வது நல்ல செலவு. அரங்குகளில் காது கேட்கும் கருவிக்கு நேரடியாக ஒலியை அனுப்பும் வளைய வசதி இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். இல்லாவிட்டால் சின்னக் குழு, சுவரோர மேசை, பாட்டு இல்லாத இடம்.

கையில் வேலை இருக்கிற கூடுகைகள் தனி ரகம். நடைக்குழு, தோட்டக்குழு, சேர்ந்து பாடுவது, கேரம், சதுரங்கம். ஆஸ்திரேலியாவில் 1990களில் தொடங்கிய ஆண்களுக்கான பட்டறைக் கொட்டகைகள் இந்தச் சூட்சுமத்தில்தான் வளர்ந்தன: எதிரெதிரே உட்கார வைத்து "மனசு விட்டுப் பேசுங்க" என்றால் வாயே திறக்காத ஆண்கள், பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒரு பழைய நாற்காலியைச் சரி செய்யும்போது தானாகப் பேசுகிறார்கள். சமீபத்தில் துணையை இழந்தவர்களுக்கும் இதே காரணத்தால் விருந்தைவிட வேலையுள்ள குழுவோ வகுப்போ முதலில் தாங்கும். அங்கே யாரும் "எப்படி இருக்கீங்க?" என்று கண்ணைப் பார்த்துக் கேட்காமலே இரண்டு மணி நேரம் மற்றவர்களோடு இருந்துவிட்டு வரலாம்.

ஓர் எச்சரிக்கை. முற்றிலும் இலவசமாக முதியோருக்கு மட்டும் விருந்தும் சொற்பொழிவும் என்று வரும் அழைப்புகளில், முதலீட்டுத் திட்டமோ சத்துமாத்திரையோ மெத்தையோ விற்பது அடிக்கடி நடக்கிறது. செலவை யார் ஏற்கிறார்கள் என்று முதலிலேயே கேளுங்கள். பதில் சுற்றி வளைத்து வந்தால் போக வேண்டாம். போனாலும் அன்று எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம்.

கற்றலும் பயணமும் சேர்ந்த திட்டங்களும் உண்டு. 1975 கோடையில் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் ஐந்து கல்லூரிகளில் 220 பேரோடு தொடங்கிய எல்டர்ஹாஸ்டல் இதற்கு முன்னோடி; 2010இல் ரோடு ஸ்காலர் என்று பெயர் மாறியது. விடுமுறையில் காலியாகக் கிடந்த மாணவர் விடுதியில் தங்கி, காலையில் பாடம் கேட்டு, மாலையில் ஊர் சுற்றுவது. ஒரே வாரத்தில் ஐம்பது அறுபது மணி நேரம் ஒன்றாக இருப்பதால் பழக்கம் வேகமாகப் பிடிக்கும். ஆனால் ஆளுக்கொரு ஊருக்குத் திரும்பிவிடுவார்கள். நல்ல விடுமுறை, வாராந்தர வாழ்க்கைக்கு மாற்று அல்ல.

சேருவதற்கு முன்

ஒருநாள் சும்மா போய் உட்கார்ந்து பாருங்கள். பாடத்தைவிட இடைவேளையைக் கவனியுங்கள். பத்து நிமிட இடைவேளையில் எல்லோரும் கைபேசியைப் பார்த்தால் ஒரு மாதிரி, அரை மணி நேரமாகியும் ஆசிரியர் கைதட்டிக் கூப்பிட வேண்டியிருந்தால் வேறு மாதிரி. வகுப்பு முடிந்ததும் எத்தனை பேர் நின்று பேசுகிறார்கள்? கழிவறை அதே மாடியில் இருக்கிறதா? நாற்காலிக்குக் கைப்பிடி உண்டா? முடியும்போது இருட்டிவிடுமா? இருட்டில் ஓட்டவோ நடக்கவோ தயங்குகிறவர், மாலை வகுப்பில் சேர்ந்தால் பகல் சுருங்கும் மாதங்களில் நின்றுவிடுவார். பாடம் பிடிக்கவில்லை என்று காரணம் சொல்வார். பாதியில் விலகினால் பணம் திரும்ப வருமா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கணவன் மனைவி இருவரும் சேரும்போது ஒன்றையாவது தனித்தனியாக வைத்துக்கொள்வது நல்லது. சேர்ந்தே போனால் ஒருவரைக் கேட்ட கேள்விக்கு மற்றவர் பதில் சொல்லிவிடுகிறார், பல வருடப் பழக்கம். தனியாகப் போய் வந்தால் ராத்திரி சாப்பிடும்போது பேசவும் ஏதாவது இருக்கும்.

அம்மா அப்பாவுக்காகத் தேடுகிற பிள்ளைகளுக்கு: பணம் கட்டிவிட்டு ஆச்சரியப்படுத்துகிறேன் என்று போய் நிற்காதீர்கள். "இதுல சேருங்கப்பா" என்பதற்குள் "நீங்க சும்மாதானே இருக்கீங்க" என்பது கேட்கும். இரண்டு இடங்களைச் சொல்லுங்கள், முதல் நாள் கொண்டுபோய் விடுங்கள், வாசலோடு திரும்பிவிடுங்கள். அவர் எதிர்பாராததைத் தேர்ந்தெடுத்தால் தடுக்க வேண்டாம். கணக்காளராக இருந்தவர் மண்பாண்டம் செய்யப் போகலாம், ஆசிரியையாக இருந்தவர் பாடமே வேண்டாம், கேரம் போதும் என்று சொல்லலாம்; அதில் ஒரு நியாயம் இருக்கும்.

இன்னும் முடிவு வரவில்லையென்றால், போன வாரத்தை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். வீட்டார், கடைக்காரர் தவிர எத்தனை பேரிடம் ஐந்து நிமிடத்துக்கு மேல் பேசினீர்கள் என்று ஒரு வரி. எப்போது கடைசியாக ஒன்று புரியாமல் திணறினீர்கள் என்று இன்னொரு வரி. முதல் வரி காலியென்றால் வாராந்தரக் குழு, பாடம் எதுவானாலும் சரி. இரண்டாவது காலியென்றால் கடினமான வகுப்பு, வீட்டுப்பாடத்தோடு. இரண்டும் காலியென்றால் உறுப்பினர்களே மாறி மாறிப் பாடம் எடுக்கும் குழுவைத் தேடுங்கள். பக்கத்தில் அப்படி ஒன்று இல்லாவிட்டால், ஆறு பேரும் ஒரு முன்னறையும் இருந்தால் நீங்களே தொடங்கலாம். யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை.